‘அம்மாவின் தையல்’ – முதல் வரைவு. திருத்த உதவுங்கள்

நூல்கண்டு:
வணக்கம். இவ்வளவு நாளும் மற்றவர்களின் கவிதைகளையும் அவற்றுக்கு வரும் பதில்களையும் ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் துணிந்து ஒன்றைப் போடுகிறேன். எழுதி மூன்று வாரம் ஆகிறது. எங்கேயோ சரியில்லை என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை. தயங்காமல் சொல்லுங்கள். கொஞ்சம் தயங்கியே சொன்னாலும் சரி.

*அம்மாவின் தையல்*

தியாகம் என்னும் நூலெடுத்து
அன்பென்னும் ஊசியில் கோத்து
வாழ்க்கையைத் தைத்தவள் நீ அம்மா!

இரவெல்லாம் மிதி ஓடும்
என் தூக்கத்தின் தாலாட்டாய்.
வளரும் பிள்ளை என்று
ஒவ்வொரு சட்டைக்குள்ளும்
இரண்டு விரல் துணி மடித்துவைத்தாய்.
நேற்று ஒன்றைப் பிரித்தேன்.
மடிப்புக்குள் நிறம் வெளுக்கவே இல்லை
உன் அன்பைப் போல!

கண்ணீர்க் கடலில் தத்தளிக்கிறேன்
கரை சேர்ப்பாயா தாயே?

வெள்ளைத்தாள்:
அருமை! கண்கள் குளமாயின. வாழ்த்துகள்.

பனித்துளி:
மிக அருமை. தொடர்ந்து எழுதுங்கள்.

தாழ்வாரம் (இழைக் காவலர்):
வருக நூல்கண்டு. புதியவர்களுக்காக நம் வழக்கத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. நடன இயக்குநர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் வகுத்த முறையை எங்கள் வசதிக்கு வளைத்துக்கொண்டோம். முதலில், வாசித்தவர் மனதில் எது நின்றது என்று சொல்வார். அடுத்து, எழுதியவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். பிறகு வாசகர் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்துவைக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு அழுகை?’ என்பது கேள்வி வேடம் போட்ட கருத்து. கடைசியாகத்தான் கருத்து. அதையும் ‘இந்த வரியைப் பற்றி ஒன்று தோன்றுகிறது, சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்டுச் சொல்வோம். பார்க்கச் சம்பிரதாயம் போல இருக்கும், பழகினால் சரியாகிவிடும்.

வெள்ளைத்தாள், பனித்துளி: ‘அருமை’யை யாரும் தடுக்கவில்லை. எந்த வரி அருமை? அதைச் சொன்னால் அவருக்கு உதவும்.

வெள்ளைத்தாள்:
சரி, மாட்டிக்கொண்டேன். திரும்ப வாசித்துப் பார்த்தேன். அந்த இரண்டு விரல் துணிதான். மற்றது எதுவும் நினைவில் இல்லை. கண்கள் குளமானது என்று நான் போட்டதுகூடப் பழக்கதோஷம்தான்.

கிளிஞ்சல்:
எனக்கும் இரண்டு விரல் துணிதான். அதோடு மடிப்புக்குள் வெளுக்காத நிறம். அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். துணியைப் பிரித்துப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

எறும்பு:
மிதி ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. முதல் மூன்று வரிகளில் எதுவும் கேட்கவில்லை. தியாகம் எந்த நிற நூல் என்று யோசித்தேன், தெரியவில்லை.

விட்டம்:
வெளிப்படையாகச் சொல்கிறேன், இது கவிதையே இல்லை. அம்மாவைப் பற்றி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதியது. உண்மையைச் சொல்லாமல் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தால் யாரும் வளர மாட்டார்கள்.

தாழ்வாரம்:
விட்டம், இதை நீக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். ‘இது கவிதையே இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு அவர் எந்தச் சொல்லை மாற்றுவார்? ஆதரவு என்றால் முதுகு தட்டுவது என்று நீங்களாகவே வைத்துக்கொள்கிறீர்கள். ‘தியாகம் எந்த நிற நூல்’ என்று எறும்பு கேட்டாரே, அது உங்கள் வரியைவிடக் கடுமையானது. அதே சமயம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலை பார்க்க முடியும்.

விட்டம்:
நியாயம். நக்கீரர் வேலையை நக்கீரர் அளவுக்காவது செய்திருக்க வேண்டும், அவர் குற்றம் எது என்று சொல்லிவிட்டுத்தான் குற்றம் என்றார். சரி: ‘கண்ணீர்க் கடல்’, ‘அன்பென்னும் ஊசி’. இரண்டும் நூல்கண்டு சொன்னவை அல்ல, ஏற்கெனவே ஆயிரம் பேர் சொல்லிவைத்தவை. இரண்டு விரல் துணி அவர் சொன்னது.

நூல்கண்டு:
விட்டம் முதலில் எழுதியதைப் பார்த்ததும் மடிக்கணினியை மூடிவிட்டுப் போய்விட்டேன், மறைக்கவில்லை. இரண்டாவது பதிவைப் பார்த்துத்தான் திரும்பினேன். முன்பு ஒரு குழுவில் சேர்ந்து முதல் நாளே ‘இதைப் போய் எழுதிக் கொண்டுவந்தீர்களா’ என்று கேட்டு, இரண்டு வருடம் பேனாவைத் தொடாமல் இருந்தேன். அந்தப் பழைய பயம்.

என் கேள்வி: முதல் மூன்று வரி போய்விட்டால் அம்மா பட்ட கஷ்டம் வாசகருக்கு எப்படித் தெரியும்?

கிளிஞ்சல்:
இரண்டு விரல் துணியே சொல்லிவிடுகிறதே. புதுச் சட்டை அடிக்கடி வாங்க முடியாத வீட்டில்தான் உள்ளே துணி விட்டுத் தைப்பார்கள். நீங்கள் சொல்லாமலே எனக்கு அந்த வீடு தெரிந்துவிட்டது.

பலருக்கும் இது நடக்கும். கவிதைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொள்வோம். எழுத ஆரம்பிக்க அந்த வரிகள் நமக்குத் தேவை, வாசிக்க ஆரம்பிப்பவருக்குத் தேவையில்லை. என் வரைவுகளில் பெரும்பாலும் நாலாவது, ஐந்தாவது வரியில்தான் கவிதை தொடங்குகிறது. இப்போதெல்லாம் எழுதி முடித்ததும் மேலே இருக்கும் மூன்று வரியைக் கையால் மறைத்துப் பார்ப்பேன்.

ஓலைநறுக்கு:
அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்டின் மெட்ரோ ரயில் நிலையக் கவிதை நினைவுக்கு வருகிறது. 1913-ல் அச்சில் வந்தது, இரண்டே வரி. முதலில் முப்பது வரி எழுதிக் கிழித்துப் போட்டாராம். ஆறு மாதம் கழித்து அதில் பாதி நீளத்தில் ஒன்று. அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான் இந்த இரண்டு வரி. அவரே எழுதிவைத்திருக்கிறார். ஒன்றரை வருடத்தில் இரண்டு வரி, அதனால் மூன்று வாரத்துக்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

விட்டம்:
வெட்டுவதும் அளவோடுதான். அமெரிக்கக் கவிஞர் மரியான் மூர், கவிதையைப் பற்றியே எழுதிய ஒரு கவிதையை 1967-ல் வந்த தொகுப்பில் மூன்றே வரியாகக் குறுக்கிவிட்டார். ஆனால் நீண்ட வடிவத்தையும் அதே புத்தகத்தின் பின்குறிப்பில் போட்டார். அவருக்கே கை வரவில்லை போல.

அசைபோடுபவன்:
குறுக்கே ஒரு வேண்டுகோள். நான் மரபுக்கவிதை ஆள். ஒரு குறள் வெண்பா முயன்றேன், உதைக்கிறது. தனி இழை தொடங்கும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை, எல்லாம் இரண்டு அடிதான்.

மழைநின்ற பின்னும் கிளைகள் சொட்டும்
பழைய கதையின் துளி.

ஓலைநறுக்கு:
‘கிளைகள் சொட்டும்’ என்ற இடத்தில் தளை தட்டுகிறது, அதாவது ஒரு சீரும் அடுத்த சீரும் வெண்பா விதிப்படி சேரவில்லை. கிளைகள் – ‘கிளை’ நிரையசை, ‘கள்’ நேரசை, சேர்ந்தால் புளிமா. மா முன் நிரை வர வேண்டும் (இலக்கணத்தில் ‘முன்’ என்றால் அடுத்து), நீங்கள் ‘சொட்டும்’ என்று நேரில் தொடங்குகிறீர்கள். அங்கே ஒரு விளச்சீர் வந்தால் போதும். ‘மரக்கிளை’ போட்டுப் பாருங்கள். நிரை நிரை, கருவிளம். விளம் முன் நேர், கச்சிதம். மழைக்கு மோனையும் இலவசமாகக் கிடைக்கிறது.

அசைபோடுபவன்:
அட! ஒரு வாரமாக ‘சொட்டும்’ என்பதை மாற்றிக்கொண்டிருந்தேன். கோளாறு அதற்கு முந்தைய சீரில்.

எறும்பு:
எனக்கு இலக்கணம் தெரியாது, ஆனால் ஒரு கேள்வி. பழைய கதை என்றால் என்ன கதை?

அசைபோடுபவன்:
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மழைக்கு எதுகை தேடினேன், ‘பழைய’ வந்து நின்றது. பழைய என்றதும் கதை ஒட்டிக்கொண்டது. எந்தக் கதை என்று எனக்கே தெரியாது.

கிளிஞ்சல்:
எதுகை இழுத்த இழுப்புக்குப் போய்விட்டீர்கள். அதே எதுகைக்கு வேறு ஒரு பொருளைப் பிடிக்க முடியுமா? மழை நின்ற பிறகு கண்ணில் படுகிற ஏதாவது ஒன்று.

தாழ்வாரம்:
அசைபோடுபவன் போய்த் தேடட்டும். நூல்கண்டு, நீங்கள்?

நூல்கண்டு:
இரண்டாம் வரைவு. மேலே மூன்று வரி, கீழே இரண்டு வரி வெட்டினேன். தாலாட்டும் போனது, அதை வெட்டத்தான் மனமில்லை.

வளரும் பிள்ளை என்று
சட்டைக்குள் இரண்டு விரல் துணியை
மடித்துத் தைத்தாய் அம்மா.
நேற்று ஒன்றைப் பிரித்தேன்.
மடிப்புக்குள்
நிறம் வெளுக்கவே இல்லை
உன் அன்பைப் போல.

எறும்பு:
மிதிச் சத்தத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது வேறொரு கவிதையின் முதல் வரி. தனி நோட்டில் எழுதிவையுங்கள்.

வெள்ளைத்தாள்:
‘உன் அன்பைப் போல’ பற்றி ஒன்று தோன்றுகிறது, சொல்லலாமா? (முறைப்படி கேட்கிறேன்!)

நூல்கண்டு:
சொல்லுங்கள், சொல்லுங்கள்.

வெள்ளைத்தாள்:
அந்த வரி எனக்கு வேலை வைக்கவில்லை. நிறம் வெளுக்கவில்லை என்று படித்ததும் நானே அம்மாவிடம் போய்விட்டேன். பின்னாலேயே வந்து ‘அங்கேதான் போகச் சொன்னேன்’ என்கிறீர்கள்.

விட்டம்:
‘போல’ வந்தாலே வெட்டு என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. குறுந்தொகை 40-ல் ‘செம்புலப் பெயனீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று வெளிப்படையாகவே ‘போல’ இருக்கிறது. அந்தப் புலவரின் சொந்தப் பெயர்கூட நம்மிடம் இல்லை, அந்த உவமையை வைத்துத்தான் செம்புலப் பெயனீரார் என்கிறோம்.

ஓலைநறுக்கு:
நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஆனால் எது எதைப் போல என்று பாருங்கள். அங்கே நெஞ்சம் கலந்தது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டச் செம்மண்ணும் மழைநீரும் வருகின்றன. தெரியாததைத் தெரிந்ததால் காட்டுவது. இங்கே தலைகீழ். கையில் துணி இருக்கிறது, நிறம் கண்ணெதிரே இருக்கிறது. அதை ‘அன்பைப் போல’ என்றால் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போய்த் தெரியாததில் கரைப்பது ஆகிறது. ‘போல’ மேல் குற்றமில்லை, திசைதான் தவறு.

இன்னொன்று. உள்ளுறை உவமம் என்று தொல்காப்பியம் ஒன்றைச் சொல்கிறது. ‘போல’ மாதிரியான உவம உருபும் வராது, எதற்கு உவமை என்றும் சொல்ல மாட்டார்கள், பொருள் உள்ளேயே கிடக்கும். சங்கப் பாட்டில் அது கருப்பொருளை (அந்த நிலத்தின் விலங்கு, பறவை, மரம் போன்றவற்றை) வைத்து வருவது, நம் சட்டை அந்தக் கணக்கில் சேராது. இருந்தாலும் மடிப்புக்குள் துணி வைத்துத் தைப்பதைப் பற்றிய கவிதைக்கு உள்ளுறையைவிடப் பொருத்தமான முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

விட்டம்:
திசை. ஒத்துக்கொள்கிறேன். இதை நான் யோசித்ததில்லை.

புல்லாங்குழல்:
நல்ல கரு. நானே கொஞ்சம் மெருகேற்றிப் பார்த்தேன், எடுத்துக்கொள்ளலாம்:

ஊசிமுனையில் உறங்காத ஒரு விழி
உள்மடிப்பில் ஒளித்துவைத்த வானம்
பிரித்தபோது பொழிந்தது
நீலத்தின் நெடுமழை!

நூல்கண்டு:
நன்றி. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசிக்கும்போது என் அம்மா இதில் இல்லை, உங்கள் வானம்தான் இருக்கிறது.

தாழ்வாரம்:
புல்லாங்குழல், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்லெண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் கவிதையை நாம் எழுதிக் கொடுப்பதை மட்டும் இங்கே தவிர்க்கப் பார்க்கிறோம். கவிஞர் டி. எஸ். எலியட்டின் பாழ்நிலக் கவிதையை (The Waste Land) எஸ்ரா பவுண்டு திருத்திய கையெழுத்துப் படி 1971-ல் நகல் பதிப்பாக வந்தது. பக்கம் பக்கமாகக் கோடு போட்டு அடித்திருக்கிறார், ஓரத்தில் குறிப்பு எழுதியிருக்கிறார். பெரும்பாலும் வெட்டியதுதான். வெட்டிய இடத்தில் தன் கவிதையை நடவில்லை. 1922-ல் வந்தது எலியட்டின் கவிதையாகவே வந்தது.

புல்லாங்குழல்:
புரிகிறது. என் நாலு வரியை நானே வைத்துக்கொள்கிறேன்.

எறும்பு:
நூல்கண்டு, கேள்வி மட்டும்தான், உள்ளே ஒன்றும் ஒளித்துவைக்கவில்லை. நேற்று ஏன் பிரித்தீர்கள்?

நூல்கண்டு:
சிரிக்காதீர்கள். வயிறு போட்டுவிட்டது, பொத்தான் மாட்ட முடியவில்லை.

அது அம்மா எனக்குக் கடைசியாகத் தைத்த சட்டை. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. சின்ன வயதில்தான் துணி விட்டுத் தைப்பாள், இதில் இருக்காது, பிரித்தால் வீண் என்று நினைத்துக்கொண்டேதான் பிளேடை எடுத்தேன். இருந்தது.

எறும்பு:
…

கிளிஞ்சல்:
நூல்கண்டு, இதை ஏன் எங்களிடமிருந்து மறைத்தீர்கள்!

நூல்கண்டு:
மறைக்கவில்லை. வயிறு போட்டதெல்லாம் கவிதையில் வருமா? அம்மா கவிதையில் தொப்பையை எப்படி வைப்பது என்று விட்டுவிட்டேன்.

விட்டம்:
வையுங்கள். முதல் நாள் நான் எழுதியதற்கு இப்போது மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

கிளிஞ்சல்:
எழுத உட்காருவதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். ‘தைத்தாய் அம்மா’ என்று அவளிடமே பேசுகிறீர்கள். அம்மாவிடம் ‘நீ எனக்குச் சட்டை தைத்தாய்’ என்று யாரும் சொல்வதில்லை, அவளுக்குத் தெரியாதா? விளி வந்ததும் குரல் தானாக ஏறுகிறது, ஆச்சரியக்குறி, தாயே எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன. ‘அவள்’ என்று எழுதிப் பாருங்கள், குரல் இறங்கிவிடும்.

ஓலைநறுக்கு:
அப்படி மாற்றினால் ‘தைத்தாள்’ வேண்டாம், ‘தைப்பாள்’ போடுங்கள். வழக்கமாக நடந்ததைச் சொல்லத் தமிழில் எதிர்கால வடிவம்தானே வரும்: சொல்வாள், சிரிப்பாள், தைப்பாள். ‘தைத்தாள்’ முடிந்துபோய்விடுகிறது. ‘தைப்பாள்’ என்றால் அவள் இன்னும் எங்கோ தைத்துக்கொண்டிருக்கிறாள்.

அசைபோடுபவன்:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். கிடைத்துவிட்டது.

மழைநின்ற பின்னும் மரக்கிளை சொட்டும்
நுழைவாயில் தோறும் குடை.

எறும்பு:
குடையும் சொட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்லவில்லை, ஆனால் சொட்டுகிறது.

ஓலைநறுக்கு:
இரண்டாவது அடி: புளிமாங்காய், தேமா, மலர். தளை சுத்தம். எதுகை இந்த முறை பொருளைக் கொண்டுவந்திருக்கிறது. வாழ்த்துகள் (எந்த வரிக்கு என்றால், இரண்டாவது வரிக்கு).

நூல்கண்டு:
மூன்றாம் வரைவு என்று சொல்லலாம், நோட்டில் ஒன்பது இருக்கிறது. இரண்டு நாள் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். நாக்கு இடறிய இடங்களை மாற்றினேன்.

*இரண்டு விரல்*

வளரும் பிள்ளை என்று
சட்டைக்குள் இரண்டு விரல் துணியை
மடித்துத் தைப்பாள் அம்மா.

கடைசியாகத் தைத்தபோது
எனக்கு வயது முப்பத்தாறு.

இப்போது வயிற்றில் இறுக்குகிறது.
பிளேடால் ஓரம் பிரித்தேன்.

உள்ளே
வெளுக்காத நீலம்.
இரண்டு விரல்.

பனித்துளி:
‘கடைசியாக’ என்ற சொல். அம்மா இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை, எனக்கு அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிட்டது. முதல் நாள் ‘மிக அருமை’ போட்டவள்தான் நான்.

வெள்ளைத்தாள்:
தலைப்பு பற்றிச் சொல்லலாமா? தலைப்பிலேயே இரண்டு விரலைக் காட்டிவிட்டால் முடிவில் வரும்போது மூன்றாவது தடவை ஆகிவிடுகிறது.

நூல்கண்டு:
‘அளவு’ என்று வைக்கலாமா? டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ‘அளவுக்கு வா’ என்பாள்.

கிளிஞ்சல்:
வையுங்கள். இனி யாராவது வேறு தலைப்பு சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

விட்டம்:
கடைசி மூன்று வரியில் வரிசை மட்டும் எனக்கு இடிக்கிறது. ‘உள்ளே / இரண்டு விரல். / வெளுக்காத நீலம்.’ என்று இருந்தால்? பிளேடு போட்டதும் முதலில் தட்டுப்படுவது துணி இருக்கிறது என்பது. நிறத்தைக் கண் அப்புறம்தான் பார்க்கும்.

ஓலைநறுக்கு:
எனக்கு இப்போதிருப்பதே பிடிக்கிறது. முப்பத்தாறு வயதிலும் துணி விட்டிருக்கிறாள் என்பதுதான் அடி. அது கடைசியில் விழ வேண்டும். நீலத்தில் முடித்தால் அழகாக இருக்கும், அழகாக மட்டும் இருக்கும்.

எறும்பு:
நான் விட்டம் பக்கம். நீலம் என்று முடித்தால் வாய் மெதுவாக மூடுகிறது. விரல் என்றால் வெட்டினது போல நிற்கிறது.

ஓலைநறுக்கு:
வெட்டினது போல நிற்பதற்காகத்தானே சொல்கிறேன்!

தாழ்வாரம்:
இரண்டு பக்கமும் காரணம் சொல்லியாகிவிட்டது. இனி நூல்கண்டு பாடு.

நூல்கண்டு:
இரண்டையும் எழுதி சுவரில் ஒட்டி நாலு நாள் பார்த்தேன். விட்டம் சொன்ன வரிசையை எடுத்துக்கொள்கிறேன். காரணம் ஒலி இல்லை. அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. துணி விரலில் தட்டியது, வெளிச்சத்தில் கொண்டுபோன பிறகுதான் நீலம் தெரிந்தது. ஓலைநறுக்கு மன்னிக்க வேண்டும்.

*அளவு*

வளரும் பிள்ளை என்று
சட்டைக்குள் இரண்டு விரல் துணியை
மடித்துத் தைப்பாள் அம்மா.

கடைசியாகத் தைத்தபோது
எனக்கு வயது முப்பத்தாறு.

இப்போது வயிற்றில் இறுக்குகிறது.
பிளேடால் ஓரம் பிரித்தேன்.

உள்ளே
இரண்டு விரல்.
வெளுக்காத நீலம்.

ஓலைநறுக்கு:
மன்னிக்க என்ன இருக்கிறது. நான் இன்னும் மறுக்கிறேன், அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்து எடுத்துப் பாருங்கள்.

வெள்ளைத்தாள்:
சட்டை என்ன ஆயிற்று? பிரித்த பிறகு போட முடிகிறதா?

நூல்கண்டு:
முடிகிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல்தான் பிரித்தேன், போதுமாக இருந்தது. பக்கவாட்டில் நீலமாக ஒரு கோடு தெரிகிறது. இன்னும் ஒரு விரல் உள்ளே மீதி இருக்கிறது.

விட்டம்:
அதைக் கவிதையில் சேர்த்துவிடாதீர்கள்.

நூல்கண்டு:
மாட்டேன்.